சீற் ஏன் இறங்கியிருந்தது?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருப்பது இது: "மகன் தரம் ஆறில் படிக்கிறான். கிழமைக்கு மூன்று கதைப்புத்தகம் முடித்துவிடுகிறான். எப்படி இருந்தது என்றால் 'நல்ல கதை' என்கிறான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் கதையின் படிப்பினையை எழுதச் சொன்னால் மட்டும் சரியாக எழுதிவிடுகிறான். கதையைக் கூர்ந்து வாசிக்கவும், அதைத் தன் அன்றாட வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கவும் எப்படிப் பழக்குவது? நான் இலக்கியம் படித்தவள் அல்ல, ரீச்சர்."

முதலில், அவன் விரைவாக வாசிப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் புத்தகத்தை விழுங்கத்தான் வேண்டும். அந்த வயதில் நான் கடலை சுற்றிவந்த கடதாசியையும் விட்டுவைத்ததில்லை. அவன் முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னால் நீங்கள் கேள்வியோடு நின்றால் மூன்று புத்தகம் ஒன்றாகும். பிறகு அந்த ஒன்றும் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். அந்த வாசிப்பு அவனுடையது, அதில் கை வைக்க வேண்டாம். கிழமையில் ஒரு நாள், அரை மணித்தியாலம், ஒரு பக்கத்துக்கு மேற்படாத ஒரு சின்னக் கதை. அதை மட்டும் இருவரும் சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றியதுதான்.

'நல்ல கதை' என்று சொல்லி அவன் வாயை மூடிக்கொள்வதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது. கதை முடிந்ததும் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரேயொரு விடைதான் உண்டு, அதுவும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதைப் பிள்ளைகள் வெகுவிரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக எத்தனை மாதிரி வினாத்தாள்கள் செய்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். பந்தியை வாசி, விடையைத் தேடு, கோடிடு, அடுத்த பந்திக்குப் போ. அதற்கும் முன்பு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நீதிக்கதைகள். அவற்றில் நீதி இருப்பது உண்மை. நீதி சொல்வதற்கென்றே எழுதப்பட்டவை அவை. அந்தப் பழக்கத்தோடு ஒரு சிறுகதைக்குள் வரும் பிள்ளை, கிணற்றைக் கண்டதும் வாளியை விடுவதுபோல எங்கும் படிப்பினையை அள்ளப் பார்க்கிறது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்து வாசிக்கிறேன். பெரும்பாலும் தரம் ஐந்து தொடக்கம் எட்டு வரை. அவர்களுக்காக நானே எழுதிய ஒரு கதையை இங்கே தருகிறேன். கதை என்று சொல்வதுகூடப் பெரிய சொல்தான்.

"அண்ணா போன பிறகு சைக்கிள் மாமரத்தடியில் நின்றது. சீற் உயரம், எனக்குக் கால் எட்டவில்லை. 'கொஞ்சம் இறக்கித் தாருங்கள் அம்மா' என்று கேட்டேன். 'அண்ணா வந்தால் ஓடுவான்' என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டார். நான் நின்றபடியே மிதித்துக் கடைக்குப் போய் வந்தேன். மார்கழியில் ஒரு நாள் இரவு அண்ணா தொலைபேசியில் பேசினான். அம்மா நெடுநேரம் 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் நான் எழும்பியபோது சீற் இறங்கியிருந்தது."

இவ்வளவுதான். முதல் தடவை இதைக் கொடுத்தபோது, கேட்கக்கூடாத கேள்வியை வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன்: இந்தக் கதையின் படிப்பினை என்ன? பொருட்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றது ஒரு பிள்ளை. பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்றது இன்னொன்று. வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்றான் பின்வாங்கில் இருந்தவன். கதையில் வெளிநாடு என்ற சொல்லே கிடையாது.

அடுத்த கிழமை அதே தாளைக் கொடுத்து, அம்மா எதை அனுமதித்தார், எதை அனுமதிக்கவில்லை என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தாள்கள் சரசரத்தன. பிறகு தரம் ஆறு படிக்கும் ஒரு பெண்பிள்ளை, "சைக்கிளை ஓட விட்டார் ரீச்சர், சீற்றைத்தான் விடவில்லை" என்றாள். அந்த வசனத்தோடு கதை திறந்துகொண்டது. ஓட விட்டால் சைக்கிள் பழுதாகிவிடும் என்ற பயம் அம்மாவுக்கு இல்லை. அப்படியானால் சீற்றில் என்ன இருக்கிறது? அண்ணாவின் உயரம் இருக்கிறது என்றான் ஒருவன். அவனுக்குப் பத்து வயது. நான் எழுதும்போது அந்தச் சொல்லை நினைத்திருக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கடைசி வசனத்தில் ஏன் 'இறக்கியிருந்தார்' என்று எழுதாமல் 'இறங்கியிருந்தது' என்று எழுதினீர்கள் என்று தரம் எட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். தன்வினை, பிறவினை என்று கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதிப் பழகியவள்தான். இறங்கு, இறக்கு, உருள், உருட்டு, திருந்து, திருத்து. அது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தாள். இங்கே அம்மாதான் இறக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வசனத்தில் அம்மா இல்லை. ஏன் இல்லை? "அவர் இறக்கியதைத் தம்பி காணவில்லை" என்றான் ஒருவன். "காணக்கூடாது என்றுதான் இரவில் இறக்கினார்" என்றாள் இன்னொருத்தி. அரை மணித்தியாலம் ஒரு வினைச்சொல்லிலேயே போனது. எனக்கு அதைவிட நல்ல சனிக்கிழமை அண்மையில் வாய்த்ததில்லை.

கூர்ந்து வாசிப்பது என்று நான் நினைப்பது இதைத்தான். கதையில் இருக்கும் ஒரு பொருளையோ ஒரு சொல்லையோ பிடித்துக்கொண்டு, அது ஏன் அப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. மாற்றிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். 'ம்' என்பதற்குப் பதிலாக 'சரி' என்று போட்டுப் பாருங்கள், அம்மா சம்மதித்துவிடுவார். 'ஞாயிற்றுக்கிழமைகளில்' என்பதை எடுத்துவிடுங்கள். ஒரு தடவை துடைத்ததாகிவிடும், காத்திருந்ததாக ஆகாது. இதற்கு இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் அழிறப்பரும் இருந்தால் போதும்.

இதை வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியர் உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்ததே இத்தகைய வாசிப்புக்காகத்தான். காட்டிலும் கடலிலும் உள்ள ஒன்றைச் சொல்லி, சொல்லாத மற்றொன்றை உணரவைப்பது. சாதாரண தரத்துக்குப் போனால் பிள்ளைகள் அதன் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்வார்கள், மாமரத்தடியில் நிற்கும் சைக்கிளில் அதைக் காணமாட்டார்கள். அது இன்னொரு நாளைய புலம்பல்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி, வாழ்க்கையோடு பொருத்துவது, இதைவிட நுட்பமான இடம். அதை எனக்குக் கற்பித்தது புராணபடனம். கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் என் அம்மப்பா ஒவ்வொரு பாடலாக இராகத்தோடு வாசிப்பார். வாசித்து நிறுத்த, பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். சொல்லைப் பிரித்து, பொருளை விரித்து, அது முடிந்த பிறகுதான் அடுத்த பாடல். பிழையாகப் பயன் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் செருமுவார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமார்கூட எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று அறிந்திருந்தார்கள்.

சிங்கமுகன் சூரனுக்குப் புத்தி சொல்லும் இடம். தேவர்களைச் சிறைவிடு, வேண்டாம் இந்தப் போர் என்று தம்பி சொல்கிறான். அண்ணன் ஏசுகிறான். ஏச்சை வாங்கிய தம்பி, பிழை என்று தெரிந்துகொண்டே அண்ணனுக்காகப் போருக்குப் போகிறான், சாகிறான். பயன் சொல்பவர் அன்று ஒரு சொல்லில் நின்றார். 'தம்பி' என்ற சொல்லில். நெடுநேரம் நின்றார். வேலிக் கதிகால் ஒன்று நகர்ந்ததற்காக ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு சகோதரர்கள் அதே மண்டபத்தில், ஆளுக்கொரு தூணோடு சாய்ந்து இருந்தார்கள். பயன் சொல்பவர் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. வேலி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கமுகனைப் பற்றி மட்டும் பேசினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். (அவர்கள் அதற்குப் பிறகு சேர்ந்தார்களா என்று கேட்காதீர்கள். சேரவில்லை.)

கதையில் ஆழமாக நின்றால் வாழ்க்கை தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்; கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதில்லை. பெரும்பாலான பெற்றோரும், வெட்கத்தோடு சொல்கிறேன், ஆசிரியர்களும் கதை முடிந்ததும் "உன் வாழ்க்கையில் இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்கிறோம். பிள்ளை 'இல்லை' என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிகிறது. 'ஓம்' என்று சொன்னால் கதையை விட்டு வெளியே ஓடிவிடுகிறது: எங்கள் வீட்டிலும் சைக்கிள் இருக்கிறது, மாமா வாங்கித் தந்தது, கியர் வைத்தது.

பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் பொருளைப் பற்றிக் கேளுங்கள். சைக்கிள் கதைக்கு நான் கேட்ட கேள்வி இது: உங்கள் வீட்டில் ஒருவருடைய அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும் பொருள் எது? போய்ப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்கள். வந்தவை: கிணற்றடிக் கொடிக்கயிறு அம்மம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, அப்பா ஒவ்வொரு நாளும் தலையைக் குனிந்து போகிறார். முகம் பார்க்கும் கண்ணாடி அப்பாவின் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியது, அம்மா குதிக்காலை உயர்த்தித்தான் பொட்டு வைக்கிறார். சாமி அறையில் மணி கட்டியிருக்கும் கயிற்றைத் தம்பிக்காக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியைப் பற்றிச் சொன்ன பிள்ளை சொல்லி முடித்துவிட்டு, "நான் இவ்வளவு நாளும் அதைக் காணவில்லை ரீச்சர்" என்றது. அன்று மாலை அந்த வீட்டில் கண்ணாடி இறங்கியதா என்று எனக்குத் தெரியாது.

அதோடு விட்டுவிடக்கூடாது. மறுபடியும் தாளை எடுத்து முதல் வசனத்தில் இருந்து வாசிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குச் சீற் வேறாகத் தெரியும். கதையில் இருந்து வீட்டுக்கு, வீட்டில் இருந்து கதைக்கு. இரண்டாவது பயணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

பொருந்தாமல் போவதும் பொருத்தம்தான். "எங்கள் அம்மா என்றால் கேட்ட உடனே இறக்கித் தந்திருப்பார்" என்று ஒருவன் சொன்னான். அதைப் பிழையான விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படியானால் இந்த அம்மா எப்படிப்பட்டவர், அந்தத் தம்பி ஏன் திரும்பக் கேட்கவில்லை, நீ என்றால் எத்தனை தடவை கேட்டிருப்பாய் என்று அங்கிருந்து போகலாம். அவனுக்குத் தன் தாயும் கதையில் வரும் தாயும் ஒரே நேரத்தில் தெளிவாகிறார்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் பிழைவிட்டுப் படித்த பாடம் இது. 1995 ஒக்டோபர் இறுதியில், போர் நெருங்கிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் வீதியில் இறங்கித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, வகுப்பில் ஒரு வீட்டைப் பற்றிய கதையை வாசித்தோம். நான் இளமைத் துடிப்பில், ஒவ்வொருவரும் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மூன்றாவதாக எழும்பிய பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். மணி அடிக்கும் வரை வேப்பமரத்தடியில் நின்றாள். அவளை அங்கே அனுப்பியது கதை அல்ல, என் கேள்வி. கதையில் வந்த வீட்டைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால், அந்த வீட்டின் பெயரில் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள், அல்லது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். எங்கள் ஊர்களில் மாலை போட்ட படம் இல்லாத வீடு குறைவு. இன்றைய பிள்ளைகள் போரைக் காணவில்லை என்பது சரி, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் தந்தையைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்டு வளர்பவர்கள் என் சனிக்கிழமை வாங்கிலேயே இருக்கிறார்கள். 'அந்தத் தம்பி' என்று படர்க்கையில் பேசுவது பிள்ளைக்கு ஒரு மறைப்பு. அந்த மறைப்பைப் பெரியவர்கள் விலக்கக்கூடாது.

கேள்விகளைப் பற்றி இன்னும் ஒன்று. ஏடன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், ஆசிரியராக இருந்து பிள்ளைகளுக்கான எழுத்தாளர் ஆனவர், 1993இல் 'டெல் மீ' என்று ஒரு சிறு நூல் எழுதினார். புத்தகம் பற்றிப் பிள்ளைகளோடு பேசும்போது 'ஏன்?' என்று கேட்பதைத் தவிர்க்கச் சொன்னார் அவர். அது விசாரணைபோல ஒலிக்கிறது, பிள்ளை தன்னைக் காக்கத் தொடங்கிவிடுகிறது. பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, விளங்காதது என்ன, திரும்பத் திரும்ப வந்தது என்ன என்ற நான்கையே அவர் அடிப்படையாக வைத்தார். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் தங்கம். 'விளங்கவில்லை' என்று சொல்வதற்கு மதிப்பெண் கிடைக்கும் ஒரே இடமாக உங்கள் வீட்டு விறாந்தை இருக்கட்டும். நீங்களே தொடங்குங்கள்: "அம்மா ஏன் 'ம்' மட்டும் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை." பொய்யாகச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே பிடிபடாத ஒன்றைத் தேடிச் சொல்லுங்கள். இலக்கியம் படிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு என்னைவிட வசதி அதிகம்.

கதை வாசித்தால் பிள்ளைக்கு இரக்கம் வளரும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, இலக்கியப் புனைகதையைக் கொஞ்ச நேரம் வாசித்தவர்கள் மற்றவரின் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் சிறப்பாகச் செய்ததாகச் சொன்னது. பின்னர் வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே மருந்துபோல எண்ணிக் கதையைப் புகட்ட வேண்டாம். குதிக்கால் உயர்த்திப் பொட்டு வைக்கும் தாயைக் காணும் கண் வந்தால் எனக்குப் போதும்.

கதைகளுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். வீட்டில் இணையம் இருந்தால், 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கக் கதைகளைத் தேடி அச்செடுக்கலாம். பெரியவர்களுக்காக எழுதிய சிறுகதையாக இருந்தாலும் பரவாயில்லை, நீளமும் விஷயமும் பொருந்தினால் சரி. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையில் சொல்லாமல் விட்ட இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி, கடைசி வரியில் நீதியும் சொல்லிவிடும் கதையில் பிள்ளைக்கு வேலை இல்லை. முதல் தடவை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், இரண்டாம் தடவை அவன் வாசிக்கட்டும், பிறகு பென்சில். எழுத்துவேலை கொடுக்காதீர்கள். ரியூசன் முடிந்து வந்த களைப்பில் தொடங்காதீர்கள். அவன் ஒரு நாள் வேண்டாம் என்றால் அந்தக் கிழமை விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் படிப்பினை கேட்டால் எழுதட்டும்; அதில் புள்ளி இழக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. அங்கே எழுதுவது ஒன்று, உங்களோடு பேசுவது இன்னொன்று என்று பிரித்தறிய அவனுக்கு அதிக நாள் எடுக்காது.

சைக்கிள் கதையில் தொடங்குவதாக இருந்தால், உங்கள் வீட்டில் இருந்து அண்மையில் யாராவது போயிருக்கிறார்களா என்று முதலில் யோசியுங்கள். அப்படியானால் வேறு கதை எடுங்கள், இது ஆறு மாதம் இருக்கட்டும். தொடங்கினால், அவன் கட்டாயம் ஒரு கட்டத்தில் கேட்பான்: அண்ணா அன்றிரவு தொலைபேசியில் என்னதான் சொன்னான்? என் பிள்ளைகளும் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன். எழுதியவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நம்ப மறுத்து, ஆளாளுக்கு ஒரு விடை கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் அந்த 'ம்' என்பதோடு ஒத்துவருகிறதா என்று சண்டை பிடித்துக்கொண்டே படலை வரை போனார்கள்.